தட்டான் 23, ஊசித்தட்டான் 41

நாவல்தாங்கல் தலையாரி அம்சவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம். குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாய் இல்லையென்றால் அவள் பிழைத்தே இருக்க முடியாது. அவள் புருஷன் சுப்பிரமணிதான் முதலில் அந்த ஊருக்குத் தலையாரி. தண்டலம் பக்கம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவனை லாரி அடித்துப் போட்டுவிட்டது. காரியம் முடிந்த மறு வாரமே கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனு எழுதி, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசில் போய் நின்றாள். "பொம்பளை எப்படிம்மா தலையாரி வேலை பார்ப்பே?" என்று குமாஸ்தா கேட்டார். "ஊர்ல எவன் எங்க கீறான்னு ஆம்பளைக்குத் தெரியறத விட பொம்பளைக்குத்தான் சார் நல்லாத் தெரியும்" என்றாள். குமாஸ்தா மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

வேலை கிடைத்தது, ஆனால் தற்காலிகமாக. இரண்டு வருஷம் பார்ப்பார்கள். அப்புறம் வருவாய் ஆய்வாளர், ஊர் வழக்கில் ஆர்.ஐ., ஒரு தாளில் 'பணி திருப்திகரமாக உள்ளது' என்று எழுதினால் நிரந்தரம். 'இல்லை' என்று எழுதினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவளுக்கு வீடு என்று இருந்தது கொழுந்தன் வீட்டுப் பின்கட்டு. வேலை போனால் காலமெல்லாம் அங்கே சாணி அள்ளிக்கொண்டு, போட்டதைத் தின்றுகொண்டு கிடக்கவேண்டும். கொழுந்தன் பெண்டாட்டி இப்போதே ஒரு புதுக் கூடை வாங்கி வைத்திருந்தாள், அம்சவல்லி கண்ணில் படுகிற மாதிரி. 1991 நவம்பர் கடைசியோடு அந்த இரண்டு வருஷம் முடிகிறது.

அந்த வருஷம் ஒரகடம் பக்கமெல்லாம் கம்பெனி வரப்போகிறது என்று ஒரே பேச்சு. நிலம் பார்க்க வெள்ளை அம்பாசிடர்கள் வந்து போயின. கம்பெனி வரவில்லை, காம்பவுண்டுச் சுவர்தான் முதலில் வந்தது. சுவர் எழுப்ப மணல் வேண்டுமே! ஊர் மதகுக்குக் கீழே ஓடுகிற ஓடையில் மாட்டு வண்டிகள் இறங்கின. புதிதாக மாற்றலாகி வந்த ஆர்.ஐ. பலராமன் உடனே ஒரு பதிவேடு போட்டார். அவரே தலைப்பு எழுதி, அவரே சைக்ளோஸ்டைல் எடுத்து, அவரே நூல் கோத்துத் தைத்த பதிவேடு. அதில் மூன்று கட்டம்: தேதி, 'ஓடையில் காணப்பட்டவை', எண்ணிக்கை. தலையாரி தினமும் பகலில் ஓடைக்கரையில் உட்கார்ந்து கண்காணித்து நிரப்பவேண்டும்.

அம்சவல்லி போய் உட்கார்ந்த இரண்டாம் நாளே வண்டிகள் நின்றுவிட்டன. வண்டிக்காரர்களுக்கு ஆர்.ஐ.யிடம் பயமில்லை. அம்சவல்லி அவர்களுடைய மூன்று தலைமுறையை இழுத்துப் பேசுவாளே, அதற்குத்தான் பயம். ஆகவே பதிவேட்டில் தினமும் 'ஒன்றுமில்லை' என்று எழுதினாள். ஒரு வாரம் போனதும் கிராம நிர்வாக அலுவலர் ராஜசேகர் கூப்பிட்டார். பயந்த சுபாவம். பேனா மூடியைக் கழற்றும்போதே இரண்டு தரம் யோசிக்கிற மனுஷர்.

"ஏம்மா அம்சா, தினமும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லைன்னு எழுதியிருக்கியே. நீ அங்க போகவே இல்லைன்னு ஆர்.ஐ. நினைச்சுக்க மாட்டாரா? கண்ணுல பட்டதை எதையாவது எழுதும்மா."

"கண்ல பட்டத்த எழுதணும், அவ்ளோதான சார்? எழுதிட்டாப் போச்சு."

கண்ணில் பட்டவை அங்கே நிறைய இருந்தன. ஐப்பசி மழை விட்டுக் கோரை தழைத்திருந்த நேரம். தட்டான்கள் கூட்டமாக வந்திருந்தன. முதல் நாள் அவளும் மற்றவர்களைப் போல எல்லாம் ஒரே பூச்சி என்றுதான் நினைத்தாள், பெரிசு அப்பன், சிறிசு பிள்ளை என்று. நாளெல்லாம் வேறு வேலையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தால் உண்மை தெரியாமல் போகுமா? நாலாம் நாளே அது வேறு, இது வேறு என்று தெரிந்துபோயிற்று.

தட்டான் தடித்த ஆள். இரண்டு கண்ணும் சேர்ந்து தலை முழுக்க ஹெல்மெட் மாட்டின மாதிரி மூடியிருக்கும். ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டால் அது அவன் அப்பன் வீட்டுச் சொத்து, வேறு எவன் வந்தாலும் துரத்துவான். உட்கார்ந்த பிறகும் நாலு றெக்கையையும் இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவான், பஸ்ஸில் காலைப் பரப்பிக்கொண்டு மூன்று பேர் இடத்தில் ஒருத்தன் உட்காருவானே, அப்படி. ஊசித்தட்டான் அதற்கு நேர்மாறு. உடம்பு நூல் கணக்கு. கண் இரண்டும் இந்தக் கோடிக்கு ஒன்று, அந்தக் கோடிக்கு ஒன்று, நடுவில் பேச்சுவார்த்தையே கிடையாது. முழங்கால் உயரத்துக்கு மேல் பறக்காது. உட்கார்ந்ததும் றெக்கையை முதுகில் மடித்து ஒடுக்கிக்கொள்ளும். தட்டான் பொம்பளை பறந்தபடியே வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுவிட்டுப் போவாள். ஊசித்தட்டான் பொம்பளை கோரைத் தண்டைக் கீறி, அதற்குள் ஒவ்வொன்றாகச் சொருகுவாள். அந்த நேரமெல்லாம் ஆம்பிளை அவள் கழுத்தை வாலால் கவ்விக்கொண்டு நெட்டுக்குத்தாக நிற்பான். இதைப் பார்த்து அம்சவல்லி தனியாக உட்கார்ந்து சிரித்தாள். "உடுறா அவள, எங்க ஓடிப்புடப் போறா" என்று அவனுக்குப் புத்தி சொன்னாள்.

பிறகு எழுதினாள். ஒழுங்காக எண்ணித்தான் எழுதினாள். மதகிலிருந்து நாவல் மரம் வரைக்கும் உச்சிவெயிலில் ஒரு நடை நடந்து, இரண்டையும் கலக்காமல், 'தட்டான் 23, ஊசித்தட்டான் 41'. ராஜசேகர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பதிவேடு ஸ்ரீபெரும்புதூருக்குப் போயிற்று.

பத்தாம் நாள் ராஜசேகர் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"படிம்மா, நீயே படி!"

தாசில்தாருக்கு ஆர்.ஐ. அனுப்பிய அறிக்கையின் நகல் அது. 'நாவல்தாங்கல் ஓடைப் புறம்போக்கில் பொற்கொல்லர்கள் 23 பேரும், மூக்குத்திக்கு ஊசி பற்றவைக்கும் பொற்கொல்லர்கள் 41 பேரும் ஆக மொத்தம் 64 வெளியாட்கள் குடியேறி வசித்து வருவதாகத் தெரிய வருகிறது. அன்னாருக்கு பி மெமோ சார்வு செய்யவும், இதைத் தடுக்கத் தவறிய தலையாரி மீது நடவடிக்கைக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.' பி மெமோ என்றால் புறம்போக்கை வளைத்துப் போட்டவனுக்குக் கொடுக்கிற நோட்டீசு, சார்வு செய்வது என்றால் அதை அவன் கையில் கொடுப்பது.

அம்சவல்லி தாளை இரண்டு தரம் படித்தாள். தனக்குத் தெரியாமல் யாரோ வந்து குடிசை போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். ஒரு ஈ காக்கை இல்லை. மதகுக் கட்டையில் ஒரு சிவப்புத் தட்டான் மட்டும் றெக்கையை விரித்து உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். இருபத்திமூன்று. நாற்பத்தொன்று.

அடக்கடவுளே! முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. 'தலையாரி மீது நடவடிக்கை' என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஆர்.ஐ. பலராமன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் தட்டான் என்றால் நகை செய்கிறவர். பறக்கிறதைச் சொல்ல வேண்டுமானால் பூச்சி என்று சேர்த்துச் சொல்வார்கள். அம்சவல்லி ஊரிலோ நகை செய்கிறவர் பத்தர். பிறந்ததிலிருந்து பத்தர் கடை, பத்தர் வீடு என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். தட்டான் என்றால் அவளுக்குப் பறக்கிறது ஒன்றுதான். இதற்கு மேல் அந்த வருஷத்து நிலைமை வேறு. மே மாதக் குண்டுவெடிப்புக் கொலைக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு புது முகம் வாடகைக்கு வந்தாலே போலீசு வந்து பெட்டியைத் திறந்து பார்க்கும். அதில் அறுபத்துநாலு வெளியாள் என்றால் ஆர்.ஐ.க்குத் தூக்கம் எப்படி வரும்?

"ஒண்ணு பண்ணலாம்" என்றார் ராஜசேகர், வியர்வையைத் துடைத்தபடி. "எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு எழுதிடலாம். விஷயம் முடிஞ்சுது."

"நல்லா முடிஞ்சுது போ சார்! அறுபத்திநாலு பேரை நான்தான் குடி வச்சேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாது? எங்கப் போனாங்கன்னு போலீசு கேட்டா, கோரைக்குள்ளன்னு சொல்றதா?"

"அப்போ என்னதான் பண்றது?"

"அவுரே வரட்டும். வந்து பாக்கட்டும்" என்றாள்.

ஊர் இதற்குள் சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் மேலத்தெரு மரகதம் ஓடைக்கரைக்கு வந்து நின்றாள். முந்தானை முடிச்சில் உடைந்த ஜிமிக்கி.

"அம்சா, அறுபது பத்தருங்க வந்து எறங்கி கீறாங்களாமே! ஒருத்தர் கூடவா இத்தப் பத்தவச்சுத் தர மாட்டாங்க?"

"தருவாங்க, தருவாங்க. எல்லாரும் இப்பத்தான் சாப்பாட்டுக்குப் பறந்து கீறாங்க. குந்து."

மரகதம் நம்பி உட்கார்ந்துவிட்டாள். வேலை போகிற நிலைமையிலும் அம்சவல்லிக்கு இந்தக் குசும்பு போகவில்லை.

பதினொரு மணிக்கு ஆர்.ஐ. பலராமன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். பின்னால் ராஜசேகர் சைக்கிளில். ஆர்.ஐ. கையில் தடித்த பை. அதில் அறுபத்துநாலு பி மெமோ, கார்பன் வைத்து அடித்தது. பேர் எழுதுகிற இடம் மட்டும் காலி. பைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. அதை அவர் வந்ததுமே எடுத்து அவளிடம் காட்டினார். அவளுடைய பணி அறிக்கை. 'திருப்திகரமாக உள்ளது / இல்லை' என்று அச்சடித்திருந்ததில் 'உள்ளது' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"ஆளுகளுக்கு மெமோவக் குடுத்துட்டு இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன், பாத்துக்க. எங்க அந்தத் தட்டான்மாரு?"

அம்சவல்லி அந்தத் தாளை ஒரு தரம் பார்த்தாள். இருந்தாலும் விடவில்லை.

"ஒருத்தன் உங்க தோள் மேலயே குந்திகினு கீறான் சார்."

ஆர்.ஐ. திடுக்கிட்டுத் திரும்பினார். தோளிலிருந்து மஞ்சள் தட்டான் ஒன்று எழும்பி, அவர் மூக்குக்கு முன்னால் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முகம் சிவந்தது.

"ஏய்! இது தட்டாம்பூச்சில்லா!"

"ஆமா சார். தட்டான். நகை செய்யறவரு எங்க ஊர்ல பத்தரு."

அதுவரைக்கும் உட்கார்ந்திருந்த மரகதம் ஜிமிக்கியை முடிந்துகொண்டு, "அடிப்பாவி!" என்று எழுந்து போனாள். ஆர்.ஐ. குதித்தார். "சர்க்கார் பதிவேட்டுல பூச்சியவா எழுதுவ? வெளாடுதியா? தாசில்தாருக்கு அறிக்க அனுப்பிட்டு மானம் போயி நிக்கேன்!"

"பதிவேட்ல நீங்க இன்னா சார் தலைப்புப் போட்டுகீறீங்க? காணப்பட்டவை. ஆளுன்னா காணப்பட்டவர்னு இல்ல போடணும்? அவைன்னா மாடு, வண்டி, பூச்சி, அல்லாந்தான் சார். எட்டாங்கிளாஸ் பாஸ் சார் நான். உயர்திணை, அஃறிணை படிச்சுகீறேன்."

ராஜசேகர் சைக்கிளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தலைப்பு ஆர்.ஐ. எழுதினதுதான். மணல் வண்டியை நினைத்து எழுதினது. ஆனால் அதிகாரி தோற்றுவிட்டேன் என்று சுலபத்தில் ஒத்துக்கொள்வாரா? வேறு பக்கம் பிடித்தார்.

"சரி. அஃறிணைன்னே இருக்கட்டும். இந்த இருபத்திமூணு, நாப்பத்தொண்ணு, இது வீட்டுல இருந்து எழுதின பொய்க்கணக்கு. பறக்கிற பூச்சில எது என்னன்னு எவளால பிரிக்க முடியும்? நீ ஓடைக்கு வரவே இல்ல. வேலைக்கு வராம வந்ததா எழுதினா என்ன ஆகும், தெரியும்லா?"

இது நிஜமான அடி. பூச்சியை எழுதினது அசட்டுத்தனம், பொய்யாக எழுதினது குற்றம். வேலை ஒரேயடியாகப் போய்விடும். அம்சவல்லி கொழுந்தன் வீட்டுக் கூடையை நினைத்தாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொய்யா? நானா? பத்து காட்டுங்க சார். பறக்கறப்பவே சொல்றேன். ஒண்ணு தப்புனாலும் நீங்க கையெழுத்துப் போட வேணாம், நானே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"அம்சா, வேணாம்மா" என்றார் ராஜசேகர் சைக்கிளுக்குப் பின்னாலிருந்து.

ஆர்.ஐ. செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கினார். கையை நீட்டி ஒன்றைக் காட்டினார். "அது?"

"தட்டான். அந்த வேகத்தப் பாருங்க."

அது போய்க் குச்சியில் உட்கார்ந்து நாலு றெக்கையையும் விரித்தது. "விரிச்சுதுன்னா தட்டான், மடிச்சுதுன்னா ஊசி" என்றாள். அடுத்தது ஊசி. மடித்து ஒடுக்கியது. மூன்று, நாலு, ஐந்து, எல்லாம் சரி. ஆறாவதைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் சொன்னாள்: "றெக்கை சரசரங்குது, தட்டான்." எட்டாவது வருவதற்குள் ஆர்.ஐ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றார். "அதோ, அதோ! அது என்ன? சீக்கிரம்!" என்று அவரே ஓடினார். ஒன்பதும் சரியாக வந்தது.

பத்தாவது கோரைக்குள்ளிருந்து எழும்பி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பச்சையாக மிதந்தது.

"ஊசி" என்றாள்.

அது ஒரு தண்டில் உட்கார்ந்தது. றெக்கையை மடிக்கவில்லை. பாதி விரித்தபடியே வைத்துக்கொண்டது.

ஆர்.ஐ. கை தட்டினார். "விரிச்சிருக்கு பாத்தியா! நீ சொன்ன கணக்குப்படியே அது தட்டான். போச்சு! ராஜினாமா எழுது!"

ராஜசேகர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஜாதியை அம்சவல்லி இதற்கு முன் பார்த்ததில்லை. உற்றுப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"றெக்கைய வுடுங்க சார். மூஞ்சியப் பாருங்க. கண்ணு ரெண்டும் ஒட்டிகினு கீதா, தள்ளித் தள்ளிக் கீதா?"

ஆர்.ஐ. குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பூச்சியும் அவரைப் பார்த்தது, இரண்டு கோடியிலிருந்தும்.

"தள்ளித்தான் இருக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "உடம்பும் நூலாத்தான் இருக்கு. ஊசிதான்."

ஆர்.ஐ. கரையேறி, மதகுச் சுவரில் உட்கார்ந்து சேற்றைக் கழுவினார். தாசில்தாருக்குப் பதில் எழுத வேண்டுமே! பேனாவைத் திறந்து யோசித்து யோசித்து எழுதி, உரக்கப் படித்தார். "'நேரில் தணிக்கை செய்ததில் மேற்படி இனத்தார் புறம்போக்கில் எவ்விதக் கட்டுமானமும் எழுப்பவில்லை. நிலத்தில் கால் ஊன்றவும் இல்லை. ஆக்கிரமிப்பு ஏதுமில்லாததால் கோப்பு முடிக்கப்படுகிறது.' இதுல பொய் எதுவும் இருக்கா?"

"ஒரு எழுத்து இல்ல சார்" என்றாள் அம்சவல்லி. ராஜசேகருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு ஆர்.ஐ. அந்த இன்னொரு தாளை எடுத்தார். 'இல்லை'யை அடித்தார். 'உள்ளது' ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்ததால் இப்போது இரண்டும் இல்லாமல் 'பணி திருப்திகரமாக' என்று மொட்டையாக நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவல்லி அவர் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கடைசியில் இறங்கி, மேலே 'உள்ளது' என்று புதிதாக எழுதியது. பக்கத்தில் சுருக்கொப்பம், கீழே முழுக் கையெழுத்து.

அவள் தாளை வாங்கி மூன்று தரம் படித்தாள். பிறகு அப்படியே மதகடியில் உட்கார்ந்து அழுதாள். சத்தமாக, மூக்கை உறிஞ்சி, ஊர் கேட்க அழுதாள். இரண்டு அதிகாரிகளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அழாதம்மா. அதான் நல்லபடியா எழுதியாச்சுல்லா" என்றார் ஆர்.ஐ.

"அழல சார்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்க வூட்டுக்காரு பூட்டப்ப, இனிமே ஒனக்கு யாரு கீறான்னு ஊரே கேட்டுச்சு. என்னாண்ட பதில் இல்ல. இப்ப கேக்கச் சொல்லுங்க. நான் கீறேன்னு கெவர்மெண்ட்டே எழுதிக் குடுத்துகீது."